குளியலறையில் ஒன்பது பேர்

சொல்லப்போகும் விஷயம் குளியலறை சம்பந்தப்பட்டது. ஆகவே முதலில் எங்கள் குடும்பத்தின் மரியாதையைப் பற்றிச் சொல்லிவிடுவதுதான் முறை.

குழந்தைகளுக்கும், குழந்தை என்று சொன்னால் கோபித்துக்கொள்கிற பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கும் புத்தகம் போடுவது எங்கள் தொழில். அப்பா ஆரம்பித்தது. கீழே அச்சகம், அதைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். முதல் மாடியில் அலுவலகம். அங்கே என் மருமகள் பதிப்பாசிரியர். அதற்கும் மேலே, மொட்டை மாடியை அடைத்துக் கட்டிய ஒரு கூடம். எங்கள் மரியாதை முழுவதும் அந்தக் கூடத்தில்தான் இருக்கிறது.

வந்து குவியும் கையெழுத்துப் பிரதிகளில் எதை அச்சிடுவது என்று எங்கள் நிறுவனத்தில் பெரியவர்கள் யாரும் முடிவு செய்வதில்லை. சனிக்கிழமை காலையில் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் கூடத்துக்கு வந்து பாயில் உட்காருவார்கள். எங்கள் குடும்பத்தில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பிரதியை வாசிப்பார். பாதியில், மருமகள் செருகி வைத்திருக்கும் நீலச் சீட்டு வந்ததும், பக்கங்களை மூடி மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டும். பிள்ளைகள் "அப்புறம்?" என்று கேட்டால் புத்தகம் அச்சுக்குப் போகும். கேட்காவிட்டால் எழுதியவரிடமே திரும்பிப் போகும். "அப்புறம் விழுந்துச்சா?" என்பது எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி. விழுந்த ஒரு புத்தகத்தை நாங்கள் அச்சிடாமல் விட்டதில்லை. அப்பா காலத்திலும் இல்லை, என் காலத்திலும் இல்லை.

வாசிப்பவருக்கும் கட்டுப்பாடு உண்டு. எழுதியவர் யார் என்று அவருக்குத் தெரியாது. பெயர் தனி உறையில் ஒட்டப்பட்டிருக்கும். அப்புறம் விழுந்தால் திங்கட்கிழமை பிரிப்போம். முன்கூட்டி வாசித்துப் பார்க்கவும் கூடாது. மிக முக்கியமாக, குரலை ஏற்றி இறக்கி நடிக்கக் கூடாது. "கதை சொந்தக் காலில் நிக்கட்டும், நீ முட்டுக் கொடுக்காதே" என்பார் அப்பா. அந்த நாற்காலியில் அவருக்குப் பிறகு உட்கார்ந்தவன் நான். சிங்கம் வந்தாலும் சூனியக்காரி வந்தாலும் ரயில் நேரம் அறிவிப்பது போல வாசிப்பேன்.

என் சொந்த மகன் ஒரு விண்வெளிக் கதை எழுதினான். அவனுடையது என்று தெரியாமல் நான்தான் வாசித்தேன். நீலச் சீட்டு வந்தது. மூடினேன். பிள்ளைகள் எழுந்து ஜன்னலுக்கு ஓடி, எதிர்க் கட்டடத்தில் நின்ற கிரேனை வேடிக்கை பார்த்தார்கள். பிரதி திரும்பிப் போனது. "உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்காப்பா?" என்று மகன் கேட்டான். "விதின்னு ஒண்ணு இருக்கு" என்றேன். அவன் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் அசைந்து கொடுக்கவில்லை. இப்படித்தான் ஒரு குடும்பம் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்கிறது.

அந்தச் சனிக்கிழமை மருமகள் ஒரு பிரதியை என் கையில் கொடுத்தாள். தட்டச்சு செய்த தாள்கள், மூலையில் கிளிப். தலைப்பைப் பார்த்ததுமே எனக்கு முகம் சுளித்தது.

"குளியலறையில் ஒன்பது பேர்" என்று வாசித்தேன்.

கூடம் கிளுகிளுத்தது. முன்வரிசையில் எப்போதும் உட்காரும் ஒரு சிறுமி உண்டு. மேல்வரிசையில் ஒரு பல் விழுந்து முளைக்காமல் இருப்பதால் எல்லோரும் அவளை ஓட்டைப்பல் என்பார்கள். அவள் பக்கத்தில் இருந்தவளின் தொடையைக் கிள்ளினாள். நான் கிளுகிளுப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு ஆரம்பித்தேன்.

"எங்கள் தாத்தாவுக்கு விறைப்புத் தாத்தா என்று பெயர். நாற்காலியில் அவர் சாய மாட்டார். நாற்காலிதான் அவர்மேல் சாய்ந்துகொள்ளும்."

சிரித்தார்கள்.

"அவருடைய குடையை யாரும் தொடக் கூடாது. மழைகூட."

இன்னும் சிரித்தார்கள். என் குடை என் நாற்காலியின் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. உலகத்தில் எத்தனையோ பேருக்குக் குடை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனேன். சாப்பிடும்போது பேசினால் விறைப்புத் தாத்தா கரண்டியால் தட்டின் விளிம்பை ஒருமுறை தட்டுவார். பேச்சு நின்றுவிடும். சிரித்தால் இருமுறை தட்டுவார். இதுவும் எத்தனையோ வீடுகளில் உள்ள பழக்கம்தான். ஒழுங்கான வீடுகளில்.

அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

"சனிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் தாத்தா துண்டைச் சுருட்டிக்கொண்டு குளியலறைக்குப் போவார். துண்டுக்குள் ஒரு புத்தகம் இருக்கும். உள்தாழ்ப்பாள் விழும். குழாய் முழுசாகத் திறக்கும். கொஞ்ச நேரத்தில், தண்ணீர்ச் சத்தத்துக்குப் பின்னால், ஒரு நரி பேச ஆரம்பிக்கும்."

எழுத்துகள் தாளை விட்டு எழுந்து கொசுக்கூட்டம் போலப் பறந்தன. காதுமடல் சுட்டது. 

அந்தத் தாத்தா நான்தான்.

மறைப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்பதால் சொல்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து நரியையும் திருடனையும் இளவரசியையும் ஒரே குரலில் வாசித்துவிட்டு இறங்கும்போது, அத்தனை பேரும் என் தொண்டைக்குழியில் வந்து நின்றுகொள்வார்கள். வீடு போகும் வழியெல்லாம் இடித்துக்கொண்டே வருவார்கள். அவர்களை வெளியே விட்டால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். அதற்குத்தான் குளியலறை. எங்கள் பழைய புத்தகம் ஒன்றைத் துண்டில் சுருட்டிக்கொண்டு போய், குழாயைத் திறந்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் உரிய குரலில் வாசிப்பேன். முடித்துவிட்டுத் தலையை நனைத்துக்கொண்டு வெளியே வருவேன். இது ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது என்றுதான் இருந்தேன். நான் வெளியே வரும்போது முன்னறைக்கும் உள்வீட்டுக்கும் நடுவில் உள்ள நடைக்கதவு எப்போதும் சாத்தியிருக்கும். "யார் இந்தக் கதவைச் சாத்தினது? வீட்டுக்குள்ள காத்து வர வேண்டாமா?" என்று ஒரு சத்தம் போடுவேன். "காத்துதான் சாத்தியிருக்கும்" என்பாள் என் மனைவி. அவ்வளவுதான்.

"தாத்தா, ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள் ஓட்டைப்பல். "நீலச் சீட்டு இன்னும் வரவே இல்ல."

"கண்ணாடி நழுவிடுச்சு" என்றேன்.

"கண்ணாடி மூக்குமேலதான் இருக்கு."

வாசித்தேன். வேறு வழியில்லை. பாதியில் எழுந்து போவது அந்தக் கூடத்தில் நடக்காத காரியம். விடுமுறைக்கு வந்திருக்கும் பேத்தி கதவுக்கு வெளியே நின்று குரல்களை எண்ணுகிறாள். நரி. நரியிடம் ஏமாறுகிற தையல்காரர். மூக்கடைத்த இளவரசி. திக்கித் திக்கிப் பேசும் திருடன். கப்பல் தலைவன். மொத்தம் ஒன்பது. இத்தனை பேர் அந்தச் சின்னக் குளியலறையில் எப்படி நிற்கிறார்கள்? வாளி ஒன்றுதான். துண்டும் ஒன்றுதான். சாப்பாட்டுக்கு என்ன செய்வார்கள் என்று கவலைப்பட்டு, கதவின் கீழ் இடைவெளி வழியாக ஒன்பது பிஸ்கட்டைத் தள்ளிவிடுகிறாள். பிஸ்கட் விஷயம் பொய். என் குளியலறைக்குள் பிஸ்கட் வந்ததே இல்லை. ஆனால் தையல்காரரின் அந்தப் பெருமூச்சு, வாக்கியத்தின் நடுவில் வரும் அந்த "ஹூம்", அதை நான் உலகத்தில் வேறு யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. அதை நான் இப்போது ரயில் நேரம் போல வாசித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் பாயில் புரண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியாக ஒரு சனிக்கிழமை வருகிறது. உள்ளே கதை சூடு பிடித்துவிட்டது, நரி அலறுகிறது. வாசலில் பெரிய மனிதர்கள் நாலைந்து பேர் தாத்தாவைப் பார்க்க வந்து செருப்பைக் கழற்றுகிறார்கள். அன்றைக்குத் தாத்தா உள்தாழ்ப்பாள் போட மறந்திருக்கிறார். பேத்தி கதவின்மேல் கையை வைக்கிறாள்.

நீலச் சீட்டு.

பக்கங்களை மூடி மடியில் வைத்தேன். கேட்காதீர்கள் என்று மனத்துக்குள் கெஞ்சினேன். கிரேன் நின்ற ஜன்னலைப் பார்த்தேன். கிரேன் எப்போதோ போய்விட்டது.

"அப்புறம்?"

விழவில்லை, இடியாக இறங்கியது. எழுந்து நின்று கத்தினார்கள். பாயை மிதித்துக்கொண்டு நாற்காலிவரை வந்தார்கள். "கதவைத் திறந்தாளா? உள்ள யாரு? தாத்தா, உள்ள யாரு?" என்று ஓட்டைப்பல் என் முழங்காலைப் பிடித்து உலுக்கினாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்த யாரையும் எந்தப் பிள்ளையும் அதுவரை தொட்டதில்லை.

குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். 

மருமகள் மேசையில் அடுத்த புத்தகத்தின் படங்களைப் பரப்பி வைத்திருந்தாள். நேராகப் போய் அவள் எதிரில் நின்றேன்.

"இது உன் வேலையாம்மா?"

"எது மாமா?"

"இந்தக் கதை."

"ஐயோ, நான் எங்க எழுதப் போறேன்? தபால்ல வந்தது. ஏன், நல்லாயில்லையா? மேலே கூரையைப் பிய்ச்சுட்டாங்களே!"

அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். சந்தேகப்பட ஒன்றுமில்லை. அவளும் மகனும் வேறு தெருவில் குடியிருக்கிறார்கள். எங்கள் குளியலறைச் சத்தம் அவளுக்கு எட்ட வழியில்லை.

"இது வேண்டாம்" என்றேன். "திருப்பி அனுப்பிடு."

கையிலிருந்த தூரிகையை அவள் கீழே வைத்தாள். "அப்புறம் விழுந்திருக்கு மாமா."

"குளியலறை, அது இதுன்னு... பிள்ளைங்க படிக்கிற புத்தகமா இது?"

"போன வருஷம் யானை சாணி போடுற கதைக்கு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"அது இயற்கை."

"குளிக்கிறது?"

 என் நிலைமையை யாரும் யோசித்துப் பார்க்கலாம். எனக்கு எதிரான கதை என்று சொல்ல வேண்டுமானால், முதலில் அந்தத் தாத்தா நான்தான் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொண்டால் கதை தேவையே இல்லை, நானே சொல்லி முடித்ததாகிவிடும்.

"பெயர் உறையை எடு" என்றேன்.

"திங்கட்கிழமைதான் மாமா." அவள் குரலில் மரியாதை குறையவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். "உங்க மகன் கதைக்கு நீங்க என்ன சொன்னீங்கன்னு எங்க வீட்டுல இன்னும் பேசுறோம்."

அந்த நேரம் பார்த்துத் தம்பி கையில் மையோடு மேலே வந்தான்.

"அண்ணே, என்ன அது, மேல பூகம்பமா? மெஷின் சத்தத்தைத் தாண்டிக் கேட்டுச்சு. அப்புறம் விழுந்துச்சா?"

"விழுந்துச்சு சின்ன மாமா" என்றாள் மருமகள்.

"ஆளு யாரோ, கொடுத்து வெச்சவன்." பழந்துணியில் கையைத் துடைத்தபடி என்னைப் பார்த்தான். "என்ன அண்ணே, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க? ஆமா, உங்க வீட்டுக் குழாய் சரியாச்சா? குழாய்க்காரரை அனுப்பினேனே. ஒண்ணும் கோளாறு இல்லைன்னு சொல்லிட்டாராம். அதெப்படி, நான் வந்தப்போ கழுதை கத்துற மாதிரி ஒரு சத்தம் வந்துச்சே!"

"சரியாயிடுச்சு" என்றேன்.

தெருவில் நடந்தபோதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. கழுதை! கதையில் கழுதை இல்லை. என் குரல்களிலேயே தலைசிறந்தது அந்தக் கழுதைதான்; மூக்கில் தொடங்கி அடிவயிற்றில் முடிவது. ஒன்பதையும் ஒட்டுக்கேட்டவர் அதை எப்படித் தவறவிட்டார்?

வீட்டில் என் மனைவி தட்டு எடுத்து வைத்திருந்தாள். என் கையில் துண்டு இல்லாததைப் பார்த்தாள்.

"இன்னிக்குக் குளிக்கலையா?"

"இல்ல."

"வெந்நீர் வைக்கவா?"

"வேணாம்னு சொல்றேன்ல."

உட்கார்ந்தேன். பரிமாறினாள். அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நிறுவனத்திலிருந்து வரும் ஒவ்வொரு புத்தகத்தையும் தூசு தட்டி அலமாரியில் அடுக்குவது அவள் வேலை. அடுக்குகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். வாசிக்கிறாளா என்று கேட்கத் தோன்றியதில்லை. யார் எழுதியிருப்பார்கள் என்று பட்டியல் போட்டுக்கொண்டே சாப்பிட்டேன். பக்கத்து வீட்டு வாத்தியாரின் ஜன்னல் எங்கள் குளியலறைப் பக்கம் திறக்கும். தினமும் மூச்சுப்பயிற்சி செய்கிறவர், காது நன்றாகக் கேட்கும். அவராகத்தான் இருக்க வேண்டும். சாயங்காலம் போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

"கூடத்துல இன்னிக்கு எப்படி?" என்றாள்.

"ஒரே சத்தம்."

"அப்புறம் விழுந்துச்சா?"

"ம்."

தண்ணீரை ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "எங்க நிறுத்தினீங்க? கதவைத் திறக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

கரண்டி என் வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றுவிட்டது. அவளுக்கும் உறைத்துவிட்டது; டம்ளர் நிரம்பி வழிந்து மேசையில் ஓடியது, இருவரும் துடைக்கவில்லை.

"எந்தக் கதவு?" என்றேன். 

அவள் துணியை எடுத்து மேசையைத் துடைத்தாள். மூலைவரை துடைத்தாள். நனையாத இடத்தையும் துடைத்தாள்.

"நீயா?"

"கைல எழுதி, தெருமுனை டைப்பிங் கடையில கொடுத்து அடிச்சு வாங்கினேன். கடைப் பொண்ணு அடிக்கும்போதே சிரிச்சுச்சு."

"எவ்வளவு நாளா உனக்குத் தெரியும்?"

"நீங்க நாற்காலியில உட்கார்ந்த முதல் சனிக்கிழமையிலேருந்து. அன்னிக்கு முதலைதானே? ரொம்ப சுமாரா இருந்துச்சு. போகப் போகத்தான் நல்லாச்சு."

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கரண்டியால் தட்டைத் தட்ட வேண்டும் என்று கை துடித்தது. எத்தனை முறை தட்டுவது என்று தெரியவில்லை. இதற்கென்று ஒரு கணக்கு எங்கள் வீட்டில் இல்லை.

"புருஷனை ஊர் சிரிக்க வைக்கறதுக்கு ஒரு புத்தகமா? விறைப்புத் தாத்தாவாம்!"

"அந்தப் பேரை நான் வைக்கல."

"பின்னே?"

"கூடத்துப் பிள்ளைங்க வெச்சது. கடைத்தெருவுல போகும்போது 'விறைப்புத் தாத்தா வீட்டம்மா'ன்னுதான் என்னைக் கூப்பிடுவாங்க. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

ஒரே நாளில் ஒரு மனிதன் எத்தனை அடியைத் தாங்குவான்? எழுந்தேன். நேராக நின்றேன், உட்கார்ந்து சொல்லும் விஷயம் இல்லை அது.

"எழுதினவங்க திரும்ப வாங்கிக்கலாம்னு விதியில இடம் இருக்கு. திங்கட்கிழமை காலையில ஆள் அனுப்பி வாங்கிக்கோ."

"சரி" என்றாள் உடனே. அவள் வாதாடுவாள் என்று நான் மார்பை நிமிர்த்தி வைத்திருந்தது வீணானது. "நீங்க சொன்னா வாங்கிக்கிறேன். ஆனா அடுத்த சனிக்கிழமை அந்தப் பிள்ளைங்க உள்ள யாருன்னு கேட்டா, நீங்கதான் பதில் சொல்லணும்."

சொல்லிவிட்டு அலமாரிக்குப் போனாள். எங்கள் புத்தக வரிசைக்குப் பின்னாலிருந்து தாள்களை எடுத்து வந்தாள். "இது என்கிட்ட இருக்கிற பிரதி. பாதிதானே வாசிச்சீங்க. மீதியையும் வாசிச்சுட்டுக் கோவப்படுங்க." தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

நீலச் சீட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எந்தப் புத்தகத்திலும் நான் இவ்வளவு பயந்து பார்த்ததில்லை.

பேத்தியின் கை கதவின்மேல் இருக்கிறது. ஒரு தள்ளு தள்ளினால் ஒன்பது பேரையும் பார்த்துவிடலாம். விடுமுறை முழுவதும் அவள் காத்திருந்தது அதற்குத்தான். ஆனால் வந்த பெரிய மனிதர்கள் முன்னறையில் உட்கார்ந்துவிட்டார்கள். நரியின் அலறல் நடைவழியாக அவர்கள் காதுக்குப் போய்விடும். கையை எடுத்துவிடுகிறாள். ஓடிப்போய் நடைக்கதவைச் சாத்துகிறாள்.

"என்னம்மா சத்தம் அது?" என்கிறார் ஒரு பெரிய மனிதர்.

"குழாயில காத்து அடைச்சிருக்கு" என்கிறாள்.

அவர்கள் போன பிறகும் அவள் திறந்து பார்க்கவில்லை. குளியலறைக் கதவுக்கு வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கதை முடியும்வரை கேட்கிறாள். தாத்தா ஈரத் தலையோடு வெளியே வந்து, "யார் நடைக்கதவைச் சாத்தினது? வீட்டுக்குள்ள காத்து வர வேண்டாமா?" என்று சத்தம் போடுகிறார்.

"காத்துதான் சாத்தியிருக்கும் தாத்தா" என்கிறாள் பேத்தி.

கதை அங்கே முடிந்திருந்தது.

தாளை வைத்துவிட்டு நடைக்கதவைப் பார்த்தேன். கனமான பலகைக் கதவு. கீழ் விளிம்பு தரையில் உரசும். திறக்கவே ஒரு தள்ளு தள்ள வேண்டும். எங்கள் வீட்டுக்குள் வரும் காற்றுக்கு ஒரு காலண்டர் தாளைத் தூக்கவே தெம்பு கிடையாது. இத்தனை வருஷமாக அந்தக் காற்று இந்தக் கதவைச் சாத்துகிறது என்று நம்பியிருக்கிறேன். நிறுவனத்தின் பெயரை, அப்பாவின் பெயரை, குடும்பத்தின் பெயரை நான் ஒருவன் கட்டிக் காப்பதாக மேடைகளில் பேசியிருக்கிறேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"கழுதை எங்கே?" என்றேன்.

"என்னது?"

"கதையில கழுதை இல்லை."

"வேணும்னுதான் விட்டேன். கழுதையை மட்டும் உங்க தம்பி கேட்டுட்டாரே. குழாய்னு சொல்லிச் சமாளிச்சேன்; அவர் பாவம், ஆளையே அனுப்பிட்டார். அதை எழுதினா அச்சகத்துல முதல் தாளைப் படிக்கும்போதே கண்டுபிடிச்சிருவார். உங்களுக்குத் தலைகுனிவு." மேசைமேல் கிடந்த தாள்களை அடுக்கினாள். "எழுதாம இருக்கத்தான் பார்த்தேன். ஆனா கதவைச் சாத்திச் சாத்திக் கை வலிக்குது. முன்ன மாதிரி ஓட முடியல. அதுவும் இல்லாம, அந்த நரியை நான் ஒருத்தி மட்டும் கேட்டு என்ன பண்ணப் போறேன்?"

அன்று இருட்டும்வரை வீட்டில் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் போகவில்லை. யோசித்துப் பார்த்தால் விஷயம் நேரானதுதான். கதை வெளிவந்தால் போவது என் மரியாதை. அப்புறம் விழுந்த கதையை நிறுத்தினால் போவது அப்பாவின் மரியாதை, மகனுக்கு நான் சொன்ன பதிலின் மரியாதை. இரண்டில் எது பெரியது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கழுதை விஷயம் மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது. எங்கள் புத்தகத்தில் கணக்குத் தப்பாக அச்சேறக் கூடாது.

திங்கட்கிழமை காலையில் அலுவலகத்துக்குப் போனேன். மருமகள் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பெயரைப் பார்த்தாள். தாளைத் திருப்பி முதுகுப் பக்கத்தைப் பார்த்தாள். மறுபடியும் பெயரைப் பார்த்தாள்.

"மாமா!" அது அலுவலகத்தில் போடும் சத்தமே இல்லை. "மாமா, இது நம்ம அத்தை பேரு!"

"தெரியும்."

"அப்படின்னா இந்த விறைப்பு..." அவள் பார்வை என் முகத்திலிருந்து இறங்கி என் கையில் இருந்த குடையில் போய் நின்றது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் மட்டும் வெளியே தெரிந்தது, அகலமாக.

சத்தம் கேட்டுக் கீழே மெஷின் நின்றது. தம்பி படியேறி ஓடி வந்தான். "என்னம்மா? யாருக்கு என்ன ஆச்சு?"

 என் சட்டைப்பையிலிருந்து வாசிப்பாளர் குறிப்பை எடுத்து மேசைமேல் வைத்தேன். அப்புறம் விழுந்த பிரதிக்கு வாசித்தவர் தன் கருத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பது வழக்கம். தம்பி அதை எடுத்து உரக்க வாசித்தான்.

"அச்சுக்குத் தகுதியானது. ஒரு பிழை மட்டும் திருத்தப்பட வேண்டும். குளியலறையில் இருந்தவர்கள் ஒன்பது பேர் அல்ல, பத்துப் பேர். கழுதை விடுபட்டிருக்கிறது."

வாசித்து முடித்தான். சீட்டைப் பார்த்தான். மருமகளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மையேறிய அவன் விரல்களின் அடையாளம் சீட்டில் பதிந்துகொண்டிருந்தது.

"கழுதையா?" என்றான். "அண்ணே... அந்தக் குழாய்..."

"குழாய்க்கு எப்பவும் ஒரு கோளாறும் இல்லை" என்றேன்.

 அறுபது வயதைத் தாண்டிய என் தம்பி, கூடத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் போல என்னைப் பார்த்துக் கேட்டான்:

"அப்புறம்?"

எங்கள் நிறுவனத்தில் அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டால் மறுப்பதற்கு யாருக்கும் அதிகாரம் இல்லை. குடையைச் சுவரில் சாய்த்து வைத்தேன். போய் அறைக்கதவைச் சாத்தினேன். திரும்பி வந்து, நாற்காலியில் நேராக உட்கார்ந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.